ஒரே உணவு இன்று சேர்கிறது, நாளை சேரவில்லை: மன அழுத்தம் குடலில் என்ன செய்கிறது?

பல ஆண்டுகளாகத் தொல்லையின்றிச் சாப்பிட்டு வந்த உணவு, வேலை போன மாதத்திலோ, வீட்டில் ஒருவர் இறந்த பிறகோ, தேர்வு நெருங்கும் வாரங்களிலோ திடீரென்று ஒத்துக்கொள்ளாமல் போவது பலரும் அறிந்த ஒன்று. காலையில் குடித்த காபி அரை மணி நேரத்தில் கழிப்பறைக்கு விரட்டுகிறது. இரவு சாப்பிட்ட சப்பாத்தியும் குருமாவும் வயிற்றை உப்ப வைத்துத் தூக்கத்தைக் கெடுக்கின்றன. சில மாதங்கள் கழித்து நெருக்கடி ஓய்ந்ததும் அதே உணவு மறுபடியும் சேர்ந்துவிடுகிறது. இதற்கு இரண்டு விளக்கங்கள் உடனடியாகக் கிடைக்கின்றன. "அது அலர்ஜி, அந்த உணவை விட்டுவிடுங்கள்" என்பது ஒன்று. "எல்லாம் டென்ஷன், உங்களுக்கு ஒன்றுமில்லை" என்பது மற்றொன்று. முதல் விளக்கத்தை நம்புகிறவர் தேவையில்லாமல் ஒவ்வோர் உணவாகக் கைவிடுகிறார். இரண்டாவது விளக்கமோ, உண்மையாகவே வலியில் இருப்பவரிடம் அந்த வலி கற்பனை என்று சொல்லி அனுப்பிவிடுகிறது. கடந்த முப்பது ஆண்டுகளில் நடந்த ஆய்வுகளை வைத்துப் பார்த்தால் இரண்டுமே தவறு என்பது தெரியும். மன அழுத்தம் குடலில் அளந்து பார்க்கக்கூடிய மாற்றங்களை உண்டாக்குகிறது. ஆனால் அந்த மாற்றங்களுக்கு அலர்ஜி என்று பெயரிட முடியாது.

"சேரவில்லை" என்ற ஒரு சொல்லுக்குள் நான்கு நிலைகள்

தமிழில் "இந்தச் சாப்பாடு எனக்குச் சேரவில்லை" என்று சொல்லும்போது, மருத்துவம் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்கும் நான்கு நிலைகளும் அந்த ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றன. அழுத்தத்தின் பங்கு நான்கிலும் ஒன்றுபோல் இல்லை என்பதால் முதலில் இவற்றைப் பிரித்துக்கொள்ள வேண்டும்.

1. உண்மையான உணவு ஒவ்வாமை. ஒரு குறிப்பிட்ட உணவுப் புரதத்தை எதிரியாகக் கருதி நோய்த் தடுப்பு மண்டலம் ஐஜிஇ என்ற எதிர்ப்புப் பொருளை உருவாக்கி வைத்திருக்கும். அது மாஸ்ட் செல்கள் எனப்படும் உயிரணுக்களின் மேல் ஒட்டிக்கொண்டு காத்திருக்கும். அந்தப் புரதம் மறுபடியும் வந்ததும் மாஸ்ட் செல்கள் வெடித்து ஹிஸ்டமின் உள்ளிட்ட வேதிப்பொருள்களைக் கொட்டுகின்றன. சில நிமிடங்களிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் தோலில் தடிப்பு, உதடு வீக்கம், வாந்தி, மூச்சிரைப்பு, கடைசியில் உயிருக்கே ஆபத்தான அனஃபிலாக்சிஸ் வரை போகலாம். இந்த நோயின் காரணம் இரத்தத்தில் இருக்கிறது என்பதை 1921இல் கார்ல் பிராஸ்னிட்ஸ் தம் உடலிலேயே சோதித்துக் காட்டினார். மீன் ஒவ்வாமை உள்ள தம் சகாவான ஹைன்ஸ் குஸ்ட்னரின் இரத்தநீரைத் தம் தோலில் ஊசியால் ஏற்றிக்கொண்டு, மறுநாள் அதே இடத்தில் மீன் சாற்றை ஏற்றியபோது அங்கே தடிப்பு எழுந்தது. அந்த மர்மப் பொருள்தான் ஐஜிஇ என்பதை 1960களில் இஷிசாகா தம்பதியர் கண்டறிந்தார்கள்.

2. சீலியாக் நோய். கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் உள்ள குளூட்டன் என்ற புரதம் காரணமாக, உடலின் தடுப்பு மண்டலம் சிறுகுடலின் உள்சவ்வையே தாக்கும் நோய் இது. இரத்தப் பரிசோதனையாலும் திசுப் பரிசோதனையாலும் உறுதிப்படுத்தலாம்.

3. தாங்காமை. இதில் நோய்த் தடுப்பு மண்டலத்துக்குப் பங்கில்லை. செரிமானக் கணக்கில்தான் குறை. பாலில் உள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரையை உடைக்கும் லாக்டேஸ் என்ற நொதி வளர்ந்தபின் குறைந்துவிடுவது உலகின் பெரும்பான்மை மக்களுக்கு இயல்பு. வட இந்தியர்களைவிடத் தென்னிந்தியர்களிடம் இது அதிகம். உடையாத லாக்டோஸ் பெருங்குடலுக்குப் போய் அங்குள்ள பாக்டீரியாக்களால் நொதித்து வாயுவாக மாறுகிறது. அதே பாலைத் தயிராக உறைய வைத்தால் பலருக்குச் சேர்ந்துவிடுவதற்குக் காரணம், தயிரின் பாக்டீரியாக்கள் அந்த வேலையில் ஒரு பகுதியைச் செய்துகொடுப்பதுதான்.

4. செயல்பாட்டுக் கோளாறு. குடல் எரிச்சல் நோய் என்றும் ஐ.பி.எஸ். என்றும் மருத்துவர்கள் சொல்வது இதைத்தான். குடலின் வடிவத்தில் குறை எதுவும் இருக்காது. அதன் அசைவிலும் உணர்திறனிலும் குறை இருக்கும். குடல் மருத்துவர்கள் பயன்படுத்தும், 2016இல் வெளியான நான்காம் ரோம் வரையறைப்படி, மூன்று மாதங்களாக வாரத்துக்கு ஒரு நாளாவது வயிற்றுவலி இருந்து, அது மலம் கழிப்பதோடு தொடர்புறுவது, கழிக்கும் எண்ணிக்கை மாறுவது, மலத்தின் தன்மை மாறுவது ஆகிய மூன்றில் குறைந்தது இரண்டு சேர்ந்திருக்க வேண்டும். இந்த நோயாளிகளில் பெரும்பாலோர் தங்கள் தொல்லைக்கு ஏதோ ஓர் உணவைத்தான் காரணம் காட்டுவார்கள்.

மன அழுத்தத்துக்கும் உணவுக்கும் உள்ள தொடர்பு மூன்றாவது நான்காவது நிலைகளில் வலுவாகத் தெரிகிறது. முதல் நிலையில் அது துணைக்காரணம் மட்டுமே. சீலியாக் நோயில் அழுத்தம் அறிகுறிகளைக் கூட்டலாம் என்றாலும், நோயின் வேர் குளூட்டனும் மரபணுவும்தான்.

குளிர்நீரில் கையை வைத்தால் குடலில் நடப்பது

மனநிலை வயிற்றை மாற்றும் என்பது புதிய செய்தி இல்லை. 1822இல் அமெரிக்காவின் மேக்கினாக் தீவில் துப்பாக்கிக் குண்டு பாய்ந்து வயிற்றில் மூடாத துளை ஏற்பட்ட அலெக்சிஸ் செயின்ட் மார்ட்டின் என்பவரின் இரைப்பையை, வில்லியம் போமான்ட் என்ற இராணுவ மருத்துவர் அந்தத் துளை வழியாகவே பல ஆண்டுகள் கவனித்தார். கோபமோ அச்சமோ வந்தால் இரைப்பையின் உள்சவ்வு ஒருசமயம் சிவந்து உலர்ந்தும் ஒருசமயம் வெளுத்தும் போனதை 1833இல் வெளியிட்ட நூலில் அவர் பதிவு செய்தார். புதிதாகத் தெரியவந்திருப்பது, இந்த மாற்றம் எந்த வழியாக நடக்கிறது என்பதுதான்.

அழுத்தம் வந்ததும் மூளையின் ஹைப்போதலாமஸ் சி.ஆர்.எச். என்ற ஹார்மோனை வெளியிடுகிறது. அட்ரினல் சுரப்பியிலிருந்து கார்டிசால் வரவைக்கும் சங்கிலியின் முதல் கண்ணி அது. அதே சி.ஆர்.எச். குடலிலும் வேலை செய்கிறது: இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்துகிறது, பெருங்குடலின் அசைவை வேகப்படுத்துகிறது. நேர்காணலுக்குப் போகும் வழியில் மேல்வயிறு கனத்துக் குமட்டுவதும், அதே நேரத்தில் கீழ்வயிறு கழிப்பறையைத் தேட வைப்பதும் ஒரே ஹார்மோனின் இரண்டு முகங்கள்.

இதைவிட முக்கியமானது, குடல் சவ்வில் குடியிருக்கும் மாஸ்ட் செல்களின் மேல் சி.ஆர்.எச்.சின் தாக்கம். 1998இல் பார்சிலோனா ஆய்வாளர்கள் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். பங்கேற்றவர்களின் சிறுகுடலுக்குள் மெல்லிய குழாயைச் செலுத்தி, அங்கிருந்து வரும் திரவத்தைச் சேகரித்துக்கொண்டே அவர்களின் கையைக் கடும் குளிர்ந்த நீரில் வைக்கச் செய்தார்கள். உணவு எதுவும் தரப்படவில்லை. ஒவ்வாமைப் பொருளும் தரப்படவில்லை. கையில் குளிரின் வலி ஏறிய அந்த நேரத்தில், குடல் திரவத்தில் ஹிஸ்டமினும் டிரிப்டேஸ் என்ற மாஸ்ட் செல் நொதியும் கூடின. ஒவ்வாமையின்போது வெளியாகும் அதே பொருள்கள், ஒவ்வாமைப் பொருள் இல்லாமலேயே வெளியாயின.

அடுத்த படியை 2014இல் பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எடுத்தார்கள். நோயில்லாத தன்னார்வலர்களை ஆய்வுக் குழுவின் முன் நின்று பேச வைத்து, குடல் சவ்வின் ஊடுருவும் தன்மையை அளந்தார்கள். அளக்கும் முறை எளிமையானது. லாக்டுலோஸ், மானிட்டால் என்ற இரண்டு சர்க்கரைகளைக் குடிக்கத் தருவார்கள். சிறிய மூலக்கூறான மானிட்டால் குடல் சுவரைக் கடந்து இரத்தத்துக்குப் போய்ச் சிறுநீரில் வந்துவிடும். பெரிய மூலக்கூறான லாக்டுலோஸ் இயல்பாக அவ்வளவு எளிதில் கடக்காது. சிறுநீரில் லாக்டுலோஸ் கூடினால் சவ்வின் இணைப்புகள் தளர்ந்திருக்கின்றன என்று பொருள். அந்த ஆய்வில் தெரிந்தவை இவை:

1. மேடைப் பேச்சால் கார்டிசால் உயர்ந்தவர்களிடம் மட்டுமே ஊடுருவும் தன்மை கூடியது. ஒரே மேடையில் நின்று பேசியும், உடலளவில் பதற்றம் அடையாதவர்களுக்கு மாற்றம் இல்லை.
2. பேச்சே இல்லாமல் சி.ஆர்.எச். ஹார்மோனை ஊசியாகச் செலுத்தியபோதும் அதே மாற்றம் வந்தது.
3. மாஸ்ட் செல்களை அடக்கும் குரோமோகிளைகேட் என்ற மருந்தை முன்கூட்டியே கொடுத்தபோது, பேச்சின் விளைவும் ஊசியின் விளைவும் தடுக்கப்பட்டன.

மூன்றாவது முடிவுதான் சங்கிலியை முழுமையாக்குகிறது. பதற்றம் சி.ஆர்.எச்.சைக் கூட்டுகிறது, சி.ஆர்.எச். மாஸ்ட் செல்களைத் தூண்டுகிறது, மாஸ்ட் செல்கள் குடல் சவ்வைத் தளர்த்துகின்றன. இந்த வரிசையில் எந்த இடத்திலும் "கற்பனை" என்ற சொல்லுக்கு வேலையில்லை.

இங்கே ஓர் எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். "லீக்கி கட்" (கசியும் குடல்) என்ற பெயரில் விற்கப்படும் பொடிகளும் பானங்களும் இத்தகைய ஆய்வுகளைத்தான் சான்றாகக் காட்டுகின்றன. ஆய்வில் பார்த்தது ஓர் அழுத்தச் சோதனையை ஒட்டி வந்த தளர்வை மட்டுமே. அந்தத் தளர்வே சகல நோய்களுக்கும் மூலம் என்றோ, ஒரு பொடியால் அதை அடைத்துவிடலாம் என்றோ அந்த ஆய்வு சொல்லவில்லை.

குடலுக்குள் மட்டும் ஓர் ஒவ்வாமை

அதே லூவன் பல்கலைக்கழகத்தில் கீ புக்ஸ்டான்ஸ் தலைமையிலான குழு 2021 ஜனவரியில் நேச்சர் இதழில் வெளியிட்ட ஆய்வு இந்தத் துறையின் பேச்சையே மாற்றியது. எலிகளுக்குக் குடல் தொற்றை உண்டாக்கி, அந்தத் தொற்று இருக்கும்போதே முட்டைப் புரதம் ஒன்றை உணவாகக் கொடுத்தார்கள். தொற்று முழுவதும் ஆறிய பிறகு அதே புரதத்தை மீண்டும் கொடுத்தபோது எலிகளின் குடல் வலியுணர்வு கூடியது. தொற்றுக் காலத்தில் குடல் அந்தப் புரதத்தையும் எதிரிப் பட்டியலில் சேர்த்து, அதற்கு எதிரான ஐஜிஇயைத் தன் சவ்வுக்குள் மட்டும் வைத்துக்கொண்டிருந்தது. அதனால் தூண்டப்பட்ட மாஸ்ட் செல்களின் ஹிஸ்டமின் அருகிலிருந்த வலி நரம்புகளைக் கூர்மையாக்கியது.

பிறகு மனிதர்களிடம் பார்த்தார்கள். ஐ.பி.எஸ். உள்ள 12 பேரின் குடல் சவ்வில் குளூட்டன், கோதுமை, சோயா, பால் ஆகியவற்றின் சாற்றைச் சிறு ஊசியால் ஏற்றியபோது, 12 பேருக்குமே ஏதாவது ஒன்றுக்கு அந்த இடத்தில் வீக்கம் ஏற்பட்டது. நோயில்லாத 8 பேரில் இருவருக்கு மட்டுமே அப்படி ஆனது. சிறிய எண்ணிக்கைதான், இதை வைத்து எல்லா ஐ.பி.எஸ். நோயாளிகளையும் அளந்துவிட முடியாது. ஆனாலும், தோலிலும் இரத்தத்திலும் செய்யும் வழக்கமான அலர்ஜிப் பரிசோதனையில் எதுவும் தெரியாதவர்கள் "எனக்கு இந்த உணவு ஒத்துக்கொள்ளவில்லை" என்று ஆண்டுக்கணக்கில் சொல்லிவந்ததற்கு உடல் சார்ந்த ஒரு விளக்கம் இங்கே கிடைத்தது.

அழுத்தம் இதில் எங்கே வருகிறது? எலிகளுக்குத் தரப்பட்டது தொற்று. மன அழுத்தம் இல்லை. இந்த வேறுபாட்டை மறைக்கக் கூடாது. குடல் சவ்வைத் தளர்த்துவதிலும் மாஸ்ட் செல்களைத் தூண்டுவதிலும் அழுத்தம் தொற்றின் வேலையைப் போன்ற ஒன்றைச் செய்கிறது என்பதால், உணவுப் புரதங்களைக் குடல் சகித்துக்கொள்ளும் இயல்பை அதுவும் குலைக்கக்கூடும் என்பது வலுவான ஊகம். ஊகம் என்ற அளவிலேயே அதை ஏற்க வேண்டும்.

ஒரு டம்ளர் காபியின் கணக்கு

இவ்வளவும் அன்றாட வாழ்க்கையில் எப்படிக் கூடிவருகின்றன என்பதைக் காலைக் காபியை வைத்துப் பார்க்கலாம். 100 மில்லி பாலில் ஏறத்தாழ 5 கிராம் லாக்டோஸ் இருக்கிறது. லாக்டேஸ் குறைந்தவர்களில் பெரும்பாலோர் ஒரே வேளையில் 12 கிராம் வரை, அதாவது 240 மில்லி பால் வரை, பெரிய தொல்லையின்றித் தாங்குகிறார்கள். ஆகவே 100 மில்லி பால் கலந்த காபி அவர்களுக்கு ஒத்துக்கொள்ள வேண்டும். பெரும்பாலான நாள்களில் ஒத்துக்கொள்ளவும் செய்கிறது.

நெருக்கடியான ஒரு காலையில் அதே காபி என்ன ஆகிறது? தூக்கம் கெட்டிருக்கிறது, வயிறு காலியாக இருக்கிறது. விழித்தெழுந்ததும் பெருங்குடல் சுறுசுறுப்பாவது இயல்பு. காபிக்கே அதை மேலும் அசைக்கும் குணம் உண்டு. பதற்றத்தால் வந்த சி.ஆர்.எச். இன்னும் விரட்டுகிறது. உள்ளடக்கம் வேகமாகக் கடக்கும்போது, இருக்கிற கொஞ்சம் லாக்டேஸுக்கும் வேலை செய்ய நேரம் போதாது. பெருங்குடலுக்கு நீரை உறிஞ்ச அவகாசம் கிடைக்காது. அதோடு மாஸ்ட் செல்களால் கூர்மையான நரம்புகள், வேறு நாளில் கவனத்துக்கே வராத வாயுவை வலியாக உணர்கின்றன. பாலின் அளவு மாறவில்லை, நொதியின் அளவும் மாறவில்லை. தாங்கும் எல்லை மட்டும் இறங்கியிருக்கிறது.

வெங்காயம், பூண்டு, கோதுமை, பருப்பு வகைகளுக்கும் இதே கணக்குதான். இவற்றில் உள்ள ஃபிரக்டான் முதலிய சர்க்கரைத் தொடர்களை மனிதக் குடல் யாருக்குமே முழுமையாகச் செரிப்பதில்லை. மெல்பர்னின் மொனாஷ் பல்கலைக்கழகத்தார் இத்தகைய பொருள்களைத் தொகுத்து ஃபாட்மேப் என்று பெயரிட்டார்கள். சாம்பார் வெங்காயத்தின் அளவு வாரத்துக்கு வாரம் அவ்வளவாக மாறுவதில்லை. குடலின் நிலைமை மாறுகிறது.

எதிர்பார்ப்பும் ஒரு காரணம்

நல்லது செய்யும் என்ற நம்பிக்கையால் வெறும் மாத்திரையும் பலன் தருவதைப் போல, தீங்கு செய்யும் என்ற அச்சத்தால் தீங்கற்ற பொருளும் தொல்லை தரும். இதை நொசிபோ விளைவு என்பார்கள். உணவு விஷயத்தில் இது பெரிய பங்கு வகிக்கிறது.

2018இல் வெளியான நார்வே ஆய்வில், சீலியாக் நோய் இல்லாமலே குளூட்டனைத் தவிர்த்துவந்த 59 பேருக்கு, உள்ளே இருப்பதைச் சொல்லாமல் மூன்று வகைத் தின்பண்டங்கள் ஒவ்வொன்றும் ஏழு நாள் தரப்பட்டன. குளூட்டன் கலந்தது, ஃபிரக்டான் கலந்தது, இரண்டும் இல்லாதது என மூன்று. அதிகத் தொல்லை தந்தது ஃபிரக்டான். குளூட்டன் தந்த தொல்லை வெறும் தின்பண்டத்தைவிடக் கூடுதலாக இல்லை. தங்களுக்குக் கோதுமை ஆகவில்லை என்று அவர்கள் உணர்ந்தது சரியாக இருக்கலாம். குற்றம் சுமத்தப்பட்ட பொருள்தான் வேறு. பிறகு நெதர்லாந்திலும் இங்கிலாந்திலும் நடந்து 2024இல் வெளிவந்த ஆய்வு, "இந்த ரொட்டியில் குளூட்டன் இருக்கிறது" என்று நம்ப வைத்து உண்மையிலேயே குளூட்டனையும் தந்த குழுவுக்குத்தான் தொல்லை மிக அதிகம் என்று கண்டது. உண்மையில் குளூட்டன் இருந்தும், அது இல்லை என்று நம்பிச் சாப்பிட்டவர்களுக்குத் தொல்லை குறைவாகவே இருந்தது.

உயிருக்கு ஆபத்தான ஒவ்வாமையில் அழுத்தத்தின் இடம்

வேர்க்கடலை, இறால், முட்டை, பால் போன்றவற்றுக்கு ஐஜிஇ வழி ஒவ்வாமை உள்ளவரிடம் அந்த நோயை அழுத்தம் உண்டாக்குவதில்லை. எவ்வளவு சாப்பிட்டால் எதிர்வினை தொடங்கும் என்ற எல்லையை வேறு சில நிலைகள் இறக்கலாம். பிரிட்டனில் வேர்க்கடலை ஒவ்வாமை உள்ள பெரியவர்களிடம் நடத்தி 2019இல் வெளியான ஆய்வில், உடற்பயிற்சியும் தூக்கமின்மையும் தனித்தனியே அந்த எல்லையை ஏறத்தாழ 45 விழுக்காடு குறைத்தன. அழுத்தக் காலத்தில் முதலில் கெடுவது தூக்கம் என்பதால், இந்த எண் கவனத்துக்குரியது.

மூச்சுத் திணறல், படபடப்பு, மயக்க உணர்வு ஆகியவை பதற்றத் தாக்குதலிலும் வரும், அனஃபிலாக்சிஸிலும் வரும். தோலில் தடிப்பு, உதடு அல்லது நாக்கு வீக்கம், மூச்சிரைப்பின் விசில் ஒலி, தொடர் வாந்தி, இரத்த அழுத்தம் சரிவது ஆகியவை சேர்ந்திருந்தால் அதை "டென்ஷன்" என்று தள்ளிவிட்டுக் காத்திருக்கவே கூடாது. அங்கே முதல் மருந்து அட்ரினலின் ஊசி. அலர்ஜி மாத்திரை அதற்கு ஈடாகாது.

பட்டியலிலிருந்து உணவுகளை அடிப்பதற்கு முன்

1. மலத்தில் இரத்தம், காரணமின்றி எடை குறைதல், இரத்தசோகை, தூக்கத்திலிருந்து எழுப்பும் வயிற்றுப்போக்கு, காய்ச்சல், நடுத்தர வயதைக் கடந்தபின் முதன்முறையாகத் தொடங்கிய தொல்லை ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் மன அழுத்தம் என்ற விளக்கத்தை ஏற்றுக்கொண்டு நிற்காமல் மருத்துவரிடம் முழுப் பரிசோதனை செய்ய வேண்டும்.

2. கோதுமையை நிறுத்துவதற்கு முன்பே சீலியாக் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். நிறுத்திய பிறகு எதிர்ப்புப் பொருள் குறைந்துவிடுவதால் முடிவு தவறாக வரலாம்.

3. நூற்றுக்கணக்கான உணவுகளுக்கு ஒரே குழாய் இரத்தத்தில் முடிவு சொல்வதாக விளம்பரப்படுத்தப்படும் ஐஜிஜி பரிசோதனைகளுக்குப் பணம் செலவழிக்க வேண்டாம். ஐஜிஜி என்பது ஐஜிஇ அன்று. ஓர் உணவை வழக்கமாகச் சாப்பிடுகிறோம் என்பதற்கான இயல்பான அடையாளம் அது. ஐரோப்பிய, அமெரிக்க ஒவ்வாமை மருத்துவச் சங்கங்கள் இந்தப் பரிசோதனையைப் பரிந்துரைப்பதில்லை. இந்தச் சீட்டை நம்பி அரிசி தவிர மற்றவற்றையெல்லாம் விட்டவர்களின் உடல் மெலிவு, இல்லாத நோய்க்குக் கொடுத்த உண்மையான விலை.

4. ஃபாட்மேப் குறைந்த உணவு முறை இரண்டு முதல் ஆறு வாரங்களுக்கான சோதனை மட்டுமே. அதன்பின் ஒவ்வோர் உணவாகத் திரும்பச் சேர்த்தே ஆக வேண்டும். மொனாஷில் 74 ஐ.பி.எஸ். நோயாளிகளிடம் நடந்து 2016இல் வெளியான ஆய்வில், இந்த உணவு முறையில் 71 விழுக்காட்டினருக்கும், உணவை மாற்றாமல் குடலை மையமாக வைத்த ஹிப்னாசிஸ் பயிற்சி பெற்றவர்களில் 72 விழுக்காட்டினருக்கும் நிவாரணம் கிடைத்தது. மனநலக் குறியீடுகளில் பயிற்சிக் குழுவே கூடுதலாக முன்னேறியது. தட்டில் எதையும் குறைக்காமல் வயிறு சரியாவது சாத்தியம் என்பதற்கு இதைவிட நேரான சான்று வேண்டியதில்லை.

5. உணவுக் குறிப்பேடு எழுதுகிறவர்கள் பெரும்பாலும் சாப்பிட்டதையும் தொல்லையையும் மட்டுமே எழுதுகிறார்கள். அதே வரிசையில் முந்தைய இரவு எத்தனை மணி நேரம் தூங்கினோம், அன்று மனம் எப்படி இருந்தது, பெண்களானால் மாதவிடாய்க் கணக்கு ஆகியவற்றையும் எழுத வேண்டும். சந்தேகத்துக்குரிய உணவைத் திரும்பச் சோதிக்கும் நாளாகத் தேர்வு வாரத்தையோ கணக்கு முடிக்கும் மார்ச் மாதக் கடைசியையோ வைத்துக்கொள்ளக் கூடாது. கடும் ஒவ்வாமை இல்லை என்று மருத்துவர் உறுதி செய்த உணவாக இருந்தால், நன்றாகத் தூங்கி எழுந்த ஒரு விடுமுறை நாளில், பழைய அளவில் பாதியைச் சாப்பிட்டுப் பார்க்கலாம். அப்போது சேர்ந்துவிட்டால் அந்த உணவு அடுக்களைக்குத் திரும்பலாம். மற்ற நாள்களுக்கு அதன் அளவைக் குறைத்தால் போதும்.